ஒன்று புள்ளி ஆறு

ஆடி மூன்றாம் வெள்ளியன்று பம்பு நின்றது.
சீல் தேய்ந்துவிட்டது, பெங்களூரிலிருந்து ஆள் வரவேண்டும்,
ஆள் வர கொட்டேஷன் வரவேண்டும்,
கொட்டேஷனுக்குக் கையெழுத்து வரவேண்டும்.
பெருந்துறைக் கல்லூரியில்
அறுபத்திரண்டு பேருக்கு இருந்த ஒரே இயந்திரம்
மஞ்சள் கடுதாசி கொடுத்த முதலாளி போல
துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டது.

அதன் எஃகுக் குழாயைப் பிள்ளைகள்
காலம் என்றே எழுதுவார்கள் ரெக்கார்டு நோட்டில்.
இருபத்தைந்து சென்டிமீட்டர் காலம்.
விலை நாற்பத்தெட்டாயிரம்.
நான் திருத்தியதில்லை.

அன்றிரவு
தகரக் கூரையைப் பாலக்காட்டுக் காற்று பிய்க்கப் பார்க்க
எக்செல்லில் ஒரு காலம் கட்டினேன்.
மெத்தனால் எத்தனை சதம், தண்ணீர் எத்தனை,
நிமிடத்துக்கு எத்தனை மில்லி.
எண்ணை மாற்றினால் கீழே மேடுகள் நகரும்.
மெத்தனாலைக் கூட்டு: மஞ்சளின் மூன்று நிறமிகளும்
முட்டி மோதி ஒன்றாய் வெளியே வரும்,
ஷிப்ட் விட்ட மில் வாசல்.
குறை: தனித்தனியாக நடந்து வரும்,
கடைசியாள் வருவதற்குள் பொழுது இறங்கிவிடும்.

திங்களன்று முதல் பத்து நிமிடத்தில்
முப்பத்தோரு காலம் வெடித்தது.
மௌலீஸ்வரன் மட்டும் ஒன்பது.
அழுத்தம் நானூறைத் தாண்டினால் திரை சிவக்கும்;
அவனுக்கு அந்தச் சிவப்புதான் வேண்டியிருந்தது.
"ஏனுங் மேடம், நெசத்துல இதுக்கு எவ்வளவுங் ஆகும்?"
அவனே கணக்குப் போட்டான்.
நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம்.
"எங்கப்பன் லாரிய வித்தாலும் பத்தாதுங்"
என்று சொல்லிக்கொண்டே பத்தாவதை வெடித்தான்.

ரிஸ்வானா வேறு மாதிரி.
மெத்தனாலைச் சுழியமாக்கிவிட்டுக் காத்திருந்தாள்.
வெறும் தண்ணீரில் ஒட்டியது ஒட்டியபடி கிடந்தது.
நேரத்தை ஓட்டும் பொத்தானை அழுத்தினாள்.
ஒரு மணி, ஒரு நாள், பதினொரு நாள்.
"வரவே வராதா மேடம்?"
வரும். அதுவரைக்கும் தண்ணீர் விட யாரும் இருக்கமாட்டார்கள் என்றேன்.
எழுதிக்கொண்டாள்.

மூன்று பேட்சுக்குக் கரும்பலகையில் வரைந்தும் விளங்காதது
அன்று விளங்கியது:
எதிலும் ஒட்டாததுதான் முதலில் வெளியேறுகிறது.
அதற்கு ஒரு மேடுகூடக் கிடையாது,
தொடக்கத்தில் கோட்டில் சின்ன நடுக்கம், அவ்வளவுதான்.

கார்த்திகையில் ஆள் வந்தார்.
சீல் மாற்றினார், டீ குடித்தார், போனார்.
ஈரோட்டு மண்டியில் வாங்கிய விரலி மஞ்சளை
கோகிலவாணி இடித்தாள், ஊறவைத்தாள், வடிகட்டினாள்,
முழங்கைவரை மஞ்சளோடு நின்றாள்.
இருபது மைக்ரோலிட்டர்.
லோட்.
இன்ஜெக்ட்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை.
கோடு.
கோடு.
மௌலியின் சுட்டுவிரல் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தது,
நேரத்தை ஓட்டும் பொத்தான் அங்கே இருப்பதுபோல.
மெத்தனால் வாசம். பம்பு அசைபோடும் சத்தம்.
அழுத்தம் நூற்றெழுபது, நூற்றெழுபத்தொன்று, நூற்றெழுபது.
சும்மா இருக்கும் ஒரு கோட்டை
இத்தனை பேர் இத்தனை நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை.

பதினோராம் நிமிடம் முதல் மேடு எழுந்தது.
ஏறியதுபோல் இறங்கவில்லை.
வாலை இழுத்துக்கொண்டே போனது,
பல்லடம் சாலையில் காற்று ஒரே பக்கமாய்
வளர்த்துவிட்ட வேலமரம் மாதிரி.
"தப்பா வருதா மேடம்?"
இல்லை, காலம் பழசு என்றேன்.
சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.
ரிஸ்வானா அதையும் எழுதிக்கொண்டாள்.

இரவு எக்செல்லைத் திறந்தேன்.
நான் கட்டிய மேடுகள் நடுவில் மடித்தால் பொருந்தும்.
அப்படிப் பொருந்துவதற்கென்றே ஓர் எண் வைத்திருந்தேன்: ஒன்று.
அழித்துவிட்டு
ஒன்று புள்ளி ஆறு என்று போட்டேன்.
மூன்றும் கிழக்கே சாய்ந்தன.
வெளியே காற்றே இல்லை.